சாமிக்கு வளர்த்த முடி

1

என் மகளுக்கு வீட்டுக்குள் தொப்பி போடப் பழக்கியது நான்தான். வெளியே பனி கொட்டினாலும் கனடாவில் வீட்டுக்குள் குளிர் கிடையாது, பனியனோடு உட்கார்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் காதுவரை இறங்கிய கம்பளித் தொப்பி. இலங்கையில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் அக்கா லெட்சுமி வீடியோவில் வருவாள். அவள் கண்ணில் பிள்ளையின் தலை படக்கூடாது. அதற்குத்தான் இவ்வளவும்.

"அப்பா, வேர்க்குது" என்றாள் அஞ்சலி.

"அஞ்சு நிமிசம்மா. அத்தை பேசிட்டு வச்சிருவாங்க."

அக்கா வந்தாள். தொப்பியைப் பார்த்தாள். அன்றைக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை அவளுக்கு. "குளிராடி அங்க? இங்கயும் ரெண்டு நாளா ஒரே பனி. நல்லா காத மூடிக்க சாமி" என்றாள். தொப்பி போடாத பிள்ளையை எங்கள் பக்கத்தில் யார் கண்டது? நம்பிவிட்டாள்.

பிறகு சிரித்துக்கொண்டே சேதியைச் சொன்னாள். "தம்பி, திருவிழாவுக்கு நாள் வச்சாச்சு. காப்புக் கட்டி ஒம்பதாம் நாளு முடி எறக்குறது. கோயில் தலைவருகிட்ட சொல்லிப்புட்டேன், மொத முடி எங்க அஞ்சலி முடிதான்னு. வந்துருவீங்க தானே?"

"வந்துருவோம்க்கா" என்றேன்.

அந்த முடி அப்போது எங்கள் வீட்டில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய், அதன்மேல் ஒட்டுத்தாளும் ஒட்டி, தபாலில் அனுப்பி, மூன்று கிழமை ஆகியிருந்தது.

2

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நேர்த்தியின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அஞ்சலி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் வயர். தானாக மூச்சு விடவில்லை. இங்குள்ள டாக்டர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், ஆறுதலுக்குக்கூட. "பார்ப்போம்" என்றார்கள். எனக்கு இருந்தது அக்கா ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய், என்னை ஹட்டனில் தங்க வைத்துப் படிக்க வைத்தவள். அவளுக்குப் போன் போட்டேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அழுததைக் கேட்டாள். கூடையோடு அப்படியே இறங்கிக் கோயிலுக்குப் போய்விட்டாள். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா சத்தம் போட்டு, அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டாராம்.

மாரியம்மன் முன்னால் நின்று அவள் சொன்னது இதுதான். "ஆத்தா, புள்ளைக்கி மூச்சக் குடு. பொறந்த முடிய ஒஞ் சன்னதியில எறக்குறோம். அது வரைக்கும் அதுல கத்திரி படாது. அது வரைக்கும் நான் கவுச்சி தொட மாட்டேன்."

மூன்றாம் நாள் பிள்ளை தானாக மூச்சு விட்டாள். டாக்டர்கள் மருந்தின் பெயரைச் சொன்னார்கள். அக்கா ஆத்தாவின் பெயரைச் சொன்னாள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

கவுச்சியை விடுவது பெரிய காரியமா என்று கேட்பவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது. இறைச்சியும் முட்டையும் போனால் அவளுக்குப் போகட்டும். கருவாடு! மழையில் நனைந்து வந்து, அடுப்பில் சுட்ட கருவாட்டையும் காரக் கொச்சிக்காயையும் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தாள் என்றால் உலகத்தில் வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு. இப்போது மத்தியானம் மலையில் மற்றப் பொம்பளைகள் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாளாம். அவள் சொல்லவில்லை இதை, அவள் புருஷன், என் மச்சான்தான் ஒருநாள் சொன்னார்.

ஒரு வருடத்தில் போய் முடி இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் இங்கே தங்குவதற்கான என் காகிதங்கள் சரிவரவில்லை. பிறகு உலகமே கதவைச் சாத்தியது. பிறகு ஊரில் பெட்ரோலுக்கு வரிசை, "இப்ப வராதீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு என் வேலை போனது, வேறு வேலை வந்தது, புது வேலையில் லீவு இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம், எல்லாம் உண்மையான காரணம். பிள்ளையின் முடி இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. அக்கா வெறும் தேங்காய்ச் சம்பலோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

இந்த வருடம்தான் டிக்கெட் போட்டிருக்கிறோம்.

3

பாடசாலை விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி ஸ்டெல்லா தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை, கத்தோலிக்கக் குடும்பம். அதனால்தான் அஞ்சலிக்குக் கத்தோலிக்கப் பாடசாலையில் இடம் கிடைத்தது. எங்கள் கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது அக்காதான் வாயை அடைத்தாள். "மாதாவும் ஆத்தாதான்டா. போயி வேலையப் பாருங்க" என்றாள். எங்கள் வீட்டில் ஒரே அலமாரியில் இருவரும் இருக்கிறார்கள், எந்தச் சண்டையும் இல்லை.

ஸ்டெல்லா விடியற்காலையிலேயே முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்விடுவாள். எனக்குக் கிடங்கில் பின்னேர வேலை. ஆகவே காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பாடசாலைக்குக் கொண்டுபோவது என் பாடு. பின்னல் எனக்கு எங்கே தெரியும்? அக்காதான் வீடியோவில், தன் மகள் ஒருத்தியை முன்னால் உட்கார வைத்துச் செய்து காட்டி, "அப்பிடி இல்லடா மடயா, இழுத்துப் புடி" என்று ஏசி ஏசிப் பழக்கினாள். இப்போது ஒற்றைப் பின்னல், இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டுவது எல்லாம் வரும்.

பாடசாலையில் தொண்டு செய்யப் பெற்றோரைக் கேட்டார்கள். நானும் பெயர் கொடுத்தேன். ஊரில் திருவிழா என்றால் தண்ணீர் சுமக்கிறோம், பந்தல் போடுகிறோம், யார் அனுமதி கேட்டார்கள்? இங்கே பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருக்க வேண்டுமென்றால் பொலிஸில் சான்றிதழ் எடுக்க வேண்டும். பிறந்த இடம் என்று ஒரு சின்னக் கட்டம். தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், டயகம, அக்கரப்பத்தனை, நுவரெலியா என்று எழுதிக்கொண்டே போனேன். பொலிஸ்காரி பார்த்துவிட்டு, "இதில் எது நகரம்?" என்றாள். எதுவுமே இல்லை என்றேன். "வீட்டு இலக்கம்?" வரிசை வீடுகளான லயத்துக்கு ஏது இலக்கம்? அக்காதான் சொல்வாள், "தொங்க லயத்துக் கடசி வீடு" என்று. கடைசியில் கைரேகை எடுத்துத்தான் விட்டார்கள்.

பிறகு பிடித்துப்போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாக்களைத் திறந்துகொடுப்பேன். ஆண்டு விழா ஒன்றில் ஒரு பிள்ளை பின்னல் அவிழ்ந்து அழுதது, நான் பின்னிவிட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த விழாவென்றாலும் சீப்போடு என்னைக் கூப்பிடுவார்கள். ஆம்பளை தலை பின்னுவது அவர்களுக்கு அதிசயம். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். ஊரில் லயத்துப் பையன் என்று ஒதுக்கப்பட்டவன், இங்கே டீச்சர்மார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள்.

4

தவக்காலம் வந்தது. திருநீற்றுப் புதனன்று ஸ்டெல்லாவின் நெற்றியில் சாம்பல், என் நெற்றியில் வழக்கமான திருநீறு. அஞ்சலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

நாற்பது நாளுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். சிலர் பொம்மை கொடுத்தார்கள். புற்றுநோய் மருந்தால் முடி கொட்டிப்போன பிள்ளைகளுக்காக முடி கொடுக்கலாம் என்றும் ஒரு ஏற்பாடு. பெற்றோர் போனில் சம்மதம் போட வேண்டும்.

அந்தப் போன் விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே பாடசாலை எல்லாவற்றுக்கும் போனில் சம்மதம் கேட்கும். பீட்சா தின்னச் சம்மதமா, படம் எடுக்கச் சம்மதமா, பூங்காவுக்கு நடக்கச் சம்மதமா. ஆரம்பத்தில் அகராதி வைத்து வாசித்தேன். இப்போது வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடி, ஒன்றும் வாசிக்காமல், ஆம், ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே போவேன். அதில் ஒரு ஆம் இதுதான்.

முடி வெட்டுகிற நாள் காலையில் உடற்பயிற்சி மண்டபத்தில் சீப்போடு நின்றேன். இரண்டு சிகையலங்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். என் வேலை, பிள்ளைகளின் முடியைப் பிரித்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டுவது. கட்டுக்கு மேலே அவர்கள் வெட்டுவார்கள். நாலு பிள்ளைகள் முடிந்து ஐந்தாவதாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் அஞ்சலி.

"நீ எங்கம்மா இங்க?" என்றேன்.

"நானும் குடுக்கப் போறேன்ப்பா. நீங்கதானே யெஸ் போட்டீங்க." முகமெல்லாம் சிரிப்பு. "சர்ப்ரைஸ்!"

டீச்சர் பக்கத்தில் வந்தார். என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். "உங்களுக்குச் சம்மதம்தானே? இல்லையென்றால் பிரச்சினையில்லை" என்று இரண்டு தடவை கேட்டார். நல்ல மனுஷி.

சொல்லியிருக்கலாம். இது என் பிள்ளையின் முடி இல்லை, ஒரு சாமியின் முடி, இதற்காக மலையில் ஒருத்தி எட்டு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று. எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வரும். ஆனால் சுற்றி நின்ற தாய்மாரைப் பார்த்தேன். காட்டுமிராண்டிக் கதை என்று நினைப்பார்களோ, நோயாளிப் பிள்ளைக்குத் தர மனமில்லாதவன் என்று நினைப்பார்களோ என்று வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை. வெட்கப்பட்டேன். "ஷுவர்" என்றேன். ஒரே சொல்.

அவள் முடியின் ஆறு கட்டும் நான்தான் கட்டினேன். என் கைதான்.

வெட்டிய முடியைப் பையில் போட்டு ஒட்டுத்தாள் ஒட்டுவதும் தொண்டர் வேலைதான். ஒரு கட்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டால் என்ன, ஆத்தாவுக்கு அதையாவது காட்டலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. நோயாளிப் பிள்ளையிடம் திருடிச் சாமிக்குக் கொடுக்க நினைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எடுக்கவில்லை. அஞ்சலி கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? "முடி ஏன் வெட்டக் கூடாது?" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! "நீளமா இருந்தா அழகும்மா" என்று சொல்லியே ஒப்பேற்றினேன். நேர்த்தியைச் சொல்லப்போனால் சாமியைச் சொல்ல வேண்டும், சாமியைச் சொன்னால் தோட்டத்தைச் சொல்ல வேண்டும், தோட்டத்தைச் சொன்னால் அக்கா எனக்காகப் பட்டதையெல்லாம் சொல்ல வேண்டும். இன்னொரு நாள் ஆகட்டும், இன்னொரு நாள் ஆகட்டும் என்று எட்டு வருடம் ஓட்டிவிட்டேன். பிள்ளை தன்னுடையது என்று நினைத்ததைக் கொடுத்தாள்.

5

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொப்பி.

முதல் தடவை அஞ்சலி விளையாட்டு என்று நினைத்தாள். இரண்டாம் தடவை, "அத்தை கோவக்காரங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை, வருத்தப்படுவாங்க என்றேன். "நான் செஞ்சது தப்பா?" இல்லை என்றேன். "பெறகு ஏன் தொப்பி?" நான் தொப்பியை இழுத்துச் சரிசெய்தேன். மூன்றாம் தடவை அவளே தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

காப்புக் கட்டும் நாளை அக்கா சொன்ன அன்றைக்கு, போனை வைத்ததும் ஸ்டெல்லா சமையலறையிலிருந்து வந்தாள்.

"எத்தன நாளைக்கி இந்தக் கூத்து? ஊருக்குப் போயி எறங்கும்போதும் தொப்பியோடயா எறங்கப் போறீங்க?"

"சொல்றேன் ஸ்டெல்லா. நேரம் பாத்து."

"எங்க கோயில்ல பாவத்தச் சொல்றதுக்குன்னே ஒரு பெட்டி வச்சிருக்கு. முட்டி போட்டுச் சொல்லிட்டு வந்துருவோம். ஒங்களுக்கு இந்தப் போன்தான். இப்பவே எடுங்க. இல்லாட்டி நான் எடுக்குறேன்."

எடுத்தேன். ஊரில் அப்போது மாலை ஆறு மணி இருக்கும். இப்போதுதான் பேசி வைத்தவன் திரும்பவும் எடுக்கிறானே என்று அக்கா பயந்துபோய் வந்தாள். "என்னாடா? புள்ளைக்கி என்னமும்?"

"புள்ள நல்லா இருக்குக்கா. முடியதான் வெட்டிட்டோம்."

அக்காவுக்குப் பின்னால் யாரோ விறகு பிளக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்ப?"

"மூணு கெழம."

"அப்ப அந்தத் தொப்பி?"

நான் குனிந்துகொண்டேன்.

"அனே, ஐயோ தம்பி!" என்றாள். பிறகு வந்தது வாயில் வந்ததெல்லாம். "சாமி முடிடா அது! அந்தப் புள்ள மூச்சுக்கு ஈடா வச்சது. எட்டு வருசம்டா, எட்டு வருசம். ஒரு வார்த்த கேக்கத் தோணலியா ஒனக்கு? ஆத்தா மொகத்துல நா எப்பிடி முழிப்பேன்? தலைவருகிட்ட என்னா சொல்லுவேன்?" அழுதாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏசினாள். என் வாழ்க்கையில் அக்கா என்னை அப்படி ஏசியதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

கடைசியில், "புள்ளையக் குடு" என்றாள்.

6

இதற்குமேல் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலேயே, நேர்த்தியைப் பற்றி எழுதும்போதே எழுதியிருக்க வேண்டியது. கை வரவில்லை.

பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், அக்கா கவுச்சியை விட்டதாகச் சொன்னதும், "நானும் விடுறேன்க்கா. நீ மட்டும் ஏன்? முடி எறக்குற வரைக்கும் ரெண்டு பேருமே" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், உண்மையாகத்தான் சொன்னேன். ஏழெட்டு மாதம் இருந்தேன். பிறகு கிடங்கில் யாரோ பிறந்தநாளுக்குக் கோழி கொண்டுவந்தார்கள், மறுத்தால் விளக்கம் சொல்ல வேண்டும், தின்றேன். அதற்குப் பிறகு எல்லாம் தின்றேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஊரில் இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவளிடம் போய்ச் சொல்லிவிடக்கூடும். சொல்லட்டும்.

அஞ்சலி தொப்பியில்லாமல் போன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அக்கா அந்தக் குட்டை முடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன் சாமி வெட்டுன?"

"ஒரு பிள்ளைக்கு முடி இல்ல அத்தை. மருந்து குடுத்துக் கொட்டிருச்சு. அதுக்குக் குடுத்தேன்."

"என்னா வருத்தம் அதுக்கு?"

"கேன்சர்."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா... நல்லாயிரணும் அந்தப் புள்ள" என்றாள். பிறகு, நான் எட்டு வருடமாகச் சொல்லாததை நாலு வாக்கியத்தில் சொன்னாள். நீ பிறந்தபோது மூச்சு விடவில்லை. நான் ஆத்தாவிடம் கேட்டேன். உன் முடியைத் தருவதாகச் சொன்னேன். அதுவரை கருவாடு, மீன், இறைச்சி எதையும் தின்பதில்லை என்று சொன்னேன்.

அஞ்சலி இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்காகவா?" என்றாள்.

"பெறகு ஆருக்கு?"

"எத்தன நாளு அத்தை? நாப்பதா?"

"ஒன் வயசு என்னா? அத்தன வருசந்தான்."

பிள்ளையின் முகம் மாறிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் பெரியவர்களைப் போலக் கணக்குப் போடுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "ஸாரி அத்தை" என்றாள் மெதுவாக.

"நீ ஏன்டி சொல்ற? ஒனக்கா தெரியும்? அழுவாத. வளரட்டும் மறுபடியும். ஆத்தா எங்க போயிறப் போறா, நானும் இருக்கேன்ல. இன்னுங் கொஞ்ச வருசம் தொடாம இருந்துட்டுப் போறோம். நா மட்டுமா இருக்கேன்? ஒங்கப்பாவுந்தான் எனக்குத் தொணையா இருக்கான்." அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "அவன் செஞ்ச காரியத்துக்கு இந்த ஒன்னுக்காகத்தான் நா அவன மன்னிக்கிறேன். எட்டு வருசமா அந்தக் குளிர்ல வெறுஞ் சோத்தத் தின்னுக்கிட்டுக் கெடக்கான், பாவம். ஒழுங்கா இருக்கானா அவன்? நீதான் கூடவே இருக்க, சொல்லு. களவா எதும் தின்னுருறானா?"

முந்தின நாள்தான் நீச்சல் வகுப்பு முடிந்து, நானும் அஞ்சலியும் கடையில் உட்கார்ந்து பொரித்த கோழி தின்றோம். பெரிய துண்டை என் பக்கம் தள்ளியது அவள்தான்.

அஞ்சலி திரும்பி என்னைப் பார்த்தாள். நீ சொல்லு என்றோ, சொல்லாதே என்றோ நான் எதுவும் காட்டவில்லை. சத்தியமாகக் காட்டவில்லை. காட்டத் தேவையே இருக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் பழக்கியிருந்தேன்.

அவள் போன் பக்கம் திரும்பினாள்.

"இல்ல அத்தை" என்றாள். "அப்பா ஒண்ணும் சாப்பிடுறதில்ல."

"எந் தம்பி" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.